உள்ளே விட்ட துணி

குளித்துவிட்டுத் துடைக்கும்போதுதான் அந்தக் கோடுகள் இன்னும் போகவில்லை என்பதைக் கவனித்தாள். இடது இடுப்பில், அவளுடைய மச்சத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விலாவிலிருந்து கீழ்வரை, தையல் சாக்கட்டியின் நீலத்தில். சோப்புப் போட்டு நாரால் தேய்த்தாள். தோல் கன்றிச் சிவந்தது. கோடுகள் அப்படியே இருந்தன.

இரண்டு நாளைக்கு முன் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் கல்யாண கவுனைப் போட்டுப் பார்க்கப் போனபோது விழுந்த கோடுகள். அன்று முதுகுக் கொக்கி எட்டவே இல்லை. எப்படி எட்டும்? அளவுக்கென்று அம்மா கொடுத்தனுப்பியது அவள் பதினேழு வயதில் போட்ட சட்டை. இப்போது அவளுக்கு இருபத்தெட்டு. இரண்டு வரன்கள் ‘பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு’ என்று நழுவிவிட்டன. மூன்றாவதையும் கோட்டை விட அம்மா தயாராக இல்லை.

“கொஞ்சம் பிரிச்சு விடுங்கக்கா,” என்றாள்.

“பிரிக்க உள்ள துணி இருந்தாத்தானேம்மா? ஒரு நூல்கூட விட வேணாம்னுட்டாங்க உங்கம்மா.”

“துணியை விட்டா இவ உடம்பையும் விட்டுடுவா,” என்று கூட வந்திருந்த அம்மா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள்.

தையல்கார அக்கா சிரிக்கவில்லை. இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றி இறுக்கிப் பார்த்தாள். “கவுன்ல கை வைக்க முடியாது. அப்ப இந்தப் பக்கம்தான் பிடிக்கணும்.” சாக்கட்டியைத் தோலிலேயே இழுத்தாள். ஜில்லென்றிருந்தது. எவ்வளவு இளைக்க வேண்டும் என்று காட்டுகிறாள் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அரைக் கிண்ணம் வெள்ளரிக்காயும் வெந்நீரும்தான். மத்தியானமானால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும், போய்ப் படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் கட்டில் கால் வழியாக ஏறிவரும், அதோடு மிஷின் எண்ணெயின் வாசமும் சூடான இஸ்திரிப் பெட்டிக்கடியில் துணி பொசுங்கும் வாசமும் மூடிய ஜன்னலைத் தாண்டி எப்படியோ அறைக்குள் வந்து நிற்கும். மிஷின் நின்று நின்று ஓடியது. அவள் மூச்சை இழுத்தால் நின்றது. விட்டால் ஓடியது.

மூன்றாம் நாள் மத்தியானம் விழித்தபோது கோடுகளின் மேல் வரிசையாகப் புள்ளிகள் இருந்தன. ஊசிமுனை அளவு. இடைவெளி மாறாமல். வலி மட்டும் இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா புள்ளிகளைப் பார்க்கவில்லை, வீட்டிலிருந்த இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றி அதைத்தான் பார்த்தாள். “ஒன்றரை இஞ்ச் குறைஞ்சிருக்குடி! யார் கண்ணும் படக்கூடாது.”

“அம்மா, தொட்டா உணர்ச்சியே இல்லம்மா. பயமா இருக்கு. அந்தக் கல்யாணமே வேணாம்.”

“வாயை மூடு. நான் பட்டதுல இது கால்வாசிகூட இல்ல.”

மறுநாள் காலை கவுனைப் போட்டுப் பார்க்கப் போனார்கள். கொக்கி மாட்டியது, முதல் தடவையிலேயே. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கக்கேடு, ஒரு கணம் அவளுக்குமே சந்தோஷமாக இருந்தது. கண்ணாடியில் தெரிந்த இடுப்பு அவளுக்கே பிடித்திருந்தது.

திரைக்குப் பின்னால் போய்க் கழற்றினாள். இடுப்பைப் பார்த்தாள்.

மச்சம் இல்லை.

இரண்டு கோடுகளும் இல்லை. ஒரே கோடுதான். மேலிருந்து கீழ்வரை, நேர்த்தியான தையல்.

கையிலிருந்த கவுன் கனத்தது. உள்பக்கத்தைத் திருப்பினாள். இடது பக்கத் தையலோரத்தில், ஒரு நூல்கூட விடாத இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஏதோ மடித்துத் தைத்திருந்தது. மெத்தென்று. வெதுவெதுப்பாக. நடுவில் அவளுடைய மச்சம்.

கத்த வாய் திறந்தாள்.

திரை விலகியது. “பயப்படாதம்மா,” என்றாள் தையல்கார அக்கா. “நான் எதையும் வெட்டி எறிய மாட்டேன். உள்ள விட்டுத்தான் தச்சிருக்கேன். பின்னாடி வேணும்னா பிரிச்சுக்கலாம்.”

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து. கடையில் துணி பார்ப்பதுபோல.

“கன்னம் கொஞ்சம் உப்பலா இல்ல?”

“ஆமா. அரை இஞ்ச் பிடிக்கலாம்.”

காதுக்குக் கீழே ஜில்லென்றது. ஓட நினைத்தாள். அம்மாவின் கைகள் முகவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

“அசையாத. கோடு கோணலாப் போயிடும்.”

அம்மாவின் முகம் இவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனையோ வருடமாயிற்று. பவுடர் வாசம். பவுடருக்கடியில், காதிலிருந்து முகவாய்வரை, மங்கிப்போன புள்ளிகள். ஊசிமுனை அளவு. இடைவெளி மாறாமல்.

பின்னால் மிஷின் ஓடத் தொடங்கியது.