குட்டி லாரிக்கு அடியில

நேத்துப் பொழுதோட லூஸ் பண்ணி வெச்சிருந்த நட்டு, காலைல பாத்தா இறுக்கமா இருந்துச்சு.

அர்த்தனாரி வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு அந்த நட்டையே பாத்தான். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போற செம்புக் குழாயோட நட்டு. அவனே திருகி, ஒழுகாம இருக்க ஒரு கிழிசல் துணியச் சுத்தி வெச்சிருந்தான். இப்ப துணியக் காணோம். நட்ட முறுக்கினதோட இல்லாம, அழுக்கையும் தொடச்சிருந்தாங்க. அவன் தொடைக்கிற மாதிரியே, ஒரே பக்கமா.

"மாப்ள, நீ வண்டில கை வெச்சியா?"

அவன் பொண்டாட்டியோட தம்பி ராசு, சுவத்தோரமா உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்தான். "எனக்கு மாட்டுக்கு லாடம் கழண்டாலே பாக்கத் தெரியாது மச்சான். உங்க லாரிகிட்ட நான் எதுக்கு வாரேன்? கடிச்சுப் போடுமே." சொல்லிட்டுச் சிரிச்சான். அந்தச் சிரிப்பு அர்த்தனாரிக்குப் பிடிக்கல.

ரெண்டாம் உலக யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம் அது. கொல்லிமலைக்கு மேல மோட்டார் ரோடே கெடையாது. மலைக்காரங்க பலாப்பழமும் மொளகும் தலச்சுமையா முள்ளுக்குறிச்சிக்குக் கொண்டாந்து எறக்குவாங்க, அங்கிருந்து ராசிபுரம் சந்தைக்கு அர்த்தனாரி ஏத்திக்கிட்டுப் போவான். முன்னாடி ரெண்டு பேரு உக்கார எடம், பின்னாடி தொறந்த தொட்டி. இப்ப பிக்கப்புன்னு சொல்றோமே, அதுதான். அப்ப ஊர்ல குட்டி லாரின்னு பேரு. நாலு நாளைக்கு முன்னாடி மலையடி ஓடைகிட்ட வரையில, இருமி இருமி நின்னுபோச்சு. மாடு கட்டித்தான் ஊட்டுக்கு இழுத்துட்டு வந்தாங்க.

வேற சமயமா இருந்தா மெதுவாப் பாத்துக்கலாம். பொண்டாட்டி நாமகிரிக்கு இது நெறமாசம். கண்ணாலமாயி பன்னெண்டு வருசத்துல ரெண்டு போயிருச்சு, இது மூணாவது. மருத்துவச்சி பாவாயி வயித்தத் தொட்டுப் பாத்துட்டு அர்த்தனாரியத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா: "புள்ள குறுக்கக் கெடக்குது சாமி. என் கைக்கு அடங்காது. வலி வந்தா ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. கட்டவண்டில போனா…"

அதனால நட்டப் பத்தி யோசிக்க நேரமில்லன்னு அவனே அவனச் சமாதானம் பண்ணிக்கிட்டான். திருப்பியும் கழட்டினான். குழாயில வாய வெச்சு உறிஞ்சினான், துரு ருசிதான் வந்துச்சு. ஊதிப் பாத்தான், காத்துப் போகல. முனை நசுங்கியிருந்துச்சு. தட்டிக்கிட்டு வரலாம்னு கொல்லன் பட்டறைக்குக் கெளம்பினான். கார்பரேட்டரப் பிரிச்சு, சின்னச் சின்ன சாமானா பலகை மேல பரப்பி, மேல சாக்குப் போட்டு மூடிட்டுத்தான் போனான்.

திரும்பி வரையில பலகை காலி. கார்பரேட்டர் எஞ்சின்ல மாட்டியிருந்துச்சு.

நாமகிரி வாசல்ல கழுவின லோட்டாவக் கவுத்துக்கிட்டு நின்னா.

"ஏனுங்க, அதுக்குள்ள எங்க போனீங்க? இப்பத்தானே காப்பி வாங்கிக் குடிச்சீங்க?"

"நானா?"

"அடியில படுத்துக்கிட்டு கைய மட்டும் நீட்டுனீங்க. குடுத்தேன்." அவ மொகத்துல ஒரு வெக்கம். "வெயில்ல நிக்காத கண்ணு, உள்ள போய்ப் படுன்னு சொன்னீங்களே."

பன்னெண்டு வருசத்துல அர்த்தனாரி அவளக் கண்ணுன்னு கூப்பிட்டதே இல்ல.

ராசுவாத்தான் இருக்கணும்னு காலைல நெனச்சது போயி, இப்ப வேற ஒண்ணு நெனச்சான். ஆளில்லாத நேரம் பாத்து வர்றவன். வண்டி வேல தெரிஞ்சவன். அவளக் கண்ணுன்னு கூப்பிடறவன்.

"எவன்டி அவன்?"

நாமகிரி அவன் மூஞ்சியவே பாத்தா. "வயித்துல புள்ளயோட நிக்கறவகிட்டக் கேக்கற கேள்வியா இது?" லோட்டாவ அங்கயே போட்டுட்டு உள்ள போயிட்டா. அழற சத்தம்கூட வரல. அது அவனுக்கு இன்னும் சந்தேகமா இருந்துச்சு.

மத்தியானத்துக்கு மேல மலையிலிருந்து மஞ்சு மூட்டம் எறங்குச்சு. மொதல்ல மலை மறஞ்சுது, அப்பறம் பனமரம், அப்பறம் எதுத்த ஊடு. எந்தப் பக்கம்னு தெரியாம ஒரு மாடு கத்திக்கிட்டே இருந்துச்சு, ஓட்டுலிருந்து தண்ணி சொட்டற சத்தம் சுத்தியும் கேட்டுச்சு, மண்ணும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த வாடை தரையோடயே கெடந்துச்சு. பாவாயியக் கூட்டிட்டு வரச் சொல்லி ராசுவ அனுப்பிட்டு, அர்த்தனாரி குழாய மாட்ட அடியில நொழஞ்சான். ரெண்டு சக்கரத்துக்கும் கல்லு வெச்சிருந்தான். ஒரு முனைய மாட்டிட்டான். அடுத்த முனைக்கு ஸ்பேனர் சேரல.

பக்கத்துல கால் தெரிஞ்சுது. ரெண்டு வெறுங்கால், ஈரமா, நெட்டுக்க நின்னுச்சு.

"வந்துட்டியா மாப்ள? பெரிய ஸ்பேனர எடு."

ஒரு கை கீழ வந்து ஸ்பேனரக் குடுத்துச்சு. சரியான ஸ்பேனர். எது பெருசுன்னு ராசுவுக்குத் தெரியாதேன்னு, வாங்கி நட்ட முறுக்கி முடிச்சதுக்கு அப்பறம்தான் தோணுச்சு. ஸ்பேனர் ஐஸு மாதிரி சில்லுனு இருந்துச்சு. பாறை இடுக்குல பாசி புடிச்சுக் கெடக்கற தண்ணி வாடை அடிச்சுது.

அர்த்தனாரி தலையத் திருப்பி அந்தக் காலப் பாத்தான். இடது கால் பெருவிரல்ல பாதி நகம் இல்ல.

தன்னோட காலப் பாத்தான். இடது கால். போன வருசம் ஜாக்கி நழுவி விழுந்தப்போ போன நகம். அதே பாதி.

"யாரு?"

கால் நகந்துச்சு. பின் சக்கரத்துக்கு வெச்ச கல்ல ஒரு கை எடுத்துச்சு. அப்பறம் அடுத்த கல்லு. கால் முன்னாடி போச்சு. ஹேண்டில் சொருகற சத்தம். ஒரு சுத்து. ரெண்டாவது சுத்து.

எஞ்சின் புடிச்சுக்கிச்சு.

நாலு நாளா ஏங்கின சத்தம். அவன் மூஞ்சிக்கு மேலயே அதிருது. சூடு. புகை. வெளிய உருள நெனச்சான், ஒடம்பு கேக்கல.

வாசல்லிருந்து இன்னொரு ஜோடி கால் வந்துச்சு. வீங்கின கால். மெட்டி. ஒவ்வொரு அடியும் நின்னு நின்னு.

"ஏனுங்க… வலி வந்துருச்சுங்க. வண்டி ஓடுதுங்களா?"

"ஓடுது கண்ணு. ஏறு."

மேல டிரைவர் சீட்டுலிருந்து வந்தது அர்த்தனாரியோட கொரல். அவன் வாயே தொறக்கல.

"நாமகிரி!" கத்தினான்.

மெட்டிக்கால் நின்னுச்சு. வண்டியப் புடிச்சுக்கிட்டு, வயித்தத் தாங்கிக்கிட்டு, அவ மெதுவாக் குனிஞ்சா. பாத்தா. வேர்த்த மொகம். அவனப் பாத்தது பாத்தபடி இருந்தா. அப்பறம் நிமிந்து மேல பாத்தா. மறுபடியும் குனிஞ்சா. கத்தல. பயப்படக்கூட இல்ல. ரெண்டையும் எடை போட்டுப் பாக்கற மாதிரி இருந்துச்சு.

ஏறாத புள்ள, அது நானில்லன்னுதான் அவன் சொல்ல நெனச்சான். நெஜமாவே அதத்தான் நெனச்சான்.

"எவங்கூடடி போற?"

வாயில வந்தது அதுதான்.

நாமகிரி கண்ண மூடித் தொறந்தா. நிமிந்தா. மேலிருந்து ஒரு கை எறங்கி அவ முழங்கையத் தாங்குச்சு, முட்டைய எடுக்கற மாதிரி அவ்வளவு பதமா. மெட்டிக்கால் ஒண்ணொண்ணா மேல போயி மறஞ்சுது.

கதவு சாத்தற சத்தம். கியர்.

தரையோட தரையா ஒட்டிக்கிட்டான். அச்சு மூக்க ஒரசிக்கிட்டுப் போச்சு. எண்ணெய். இரும்பு. அப்பறம் வெளிச்சம். மஞ்சு.

மண்ணுல கெடந்தபடியே தலையத் தூக்கினான். வண்டி மெதுவாத்தான் போச்சு. குலுங்காம, ஒவ்வொரு குழியா ஒதுக்கிக்கிட்டு. பின் கண்ணாடிக்குள்ள ரெண்டு தலை. நாமகிரி சாஞ்சுக்கிட்டா. ஓட்டினவன் அவ பக்கம் திரும்பி என்னமோ சொன்னான். அர்த்தனாரியோட மூக்கு, அர்த்தனாரியோட மீசை. அவ சிரிச்சா.

டிரைவர் பக்கத்து வெளிக்கண்ணாடி அவ உக்காந்த எடத்துலிருந்து தெரியாது. மண்ணுல கெடந்த அர்த்தனாரிக்குத் தெரிஞ்சுது.

அவ சாஞ்சிருந்த பக்கம் அர்த்தனாரியோட மூஞ்சி. கண்ணாடில தெரிஞ்ச இந்தப் பக்கம் மூஞ்சியே இல்ல.