வியாழக்கிழமை வரை உதை!

"ஆ...ஆ...!"

ஆஸ்பத்திரி அறையே அதிர்ந்தது. கட்டிலில் கிடந்த கிழவரின் உடம்பு ஒரு சாண் எழும்பி விழுந்தது!

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினான்.

"என்ன சார் இது?"

"நெஞ்சுக்குள்ள வச்சிருக்கோமே, அந்த மிஷின். இதயம் தாறுமாறா துடிச்சா ஷாக் கொடுத்து நேராக்கும்" என்ற டாக்டர், கிழவர் பக்கம் குனிந்தார். "பெரியவரே... இன்னும் நாலஞ்சு நாள்தான். இது உங்களை நிம்மதியா போக விடாது. ஷாக்கை மட்டும் அணைச்சிடலாம். அணைக்கறப்ப வலிக்காது. உடனே உயிரும் போயிடாது. முடிவு உங்க கையில."

"வேணாம்."

"ஏன்?"

"வியாழக்கிழமை மாஜிஸ்ட்ரேட் வர்றார். அதுவரைக்கும் உதைக்கட்டும்."

டாக்டர் பெருமூச்சு விட்டு வெளியே போனார்.

மாப்பிள்ளை கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

பத்து நாளைக்கு முன் அவன் மனைவி மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்தாள். கால் வழுக்கியதாம்... அவன்தான் சொன்னான். மாடிப்படியில் நின்று பார்த்த கிழவர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். அன்றிலிருந்து பேச்சில்லை.

நேற்றுதான் வாய் திறந்தார்!

"மாமா... மாஜிஸ்ட்ரேட் எதுக்கு?"

"என் பொண்ணை நீ தள்ளிவிட்டதைச் சொல்லத்தான். அன்னிக்கு இந்த மிஷின் உதைக்கலேன்னா நானும் போயிருப்பேன். உனக்கு ரொம்ப வசதியா இருந்திருக்கும்... இல்லியா மாப்ளே?"

"உங்களுக்குப் புத்தி கலங்கிடுச்சு மாமா."

"கிட்ட வராதே! ஸ்பீக்கர் ரிப்பேர் பண்றவன் நீ. பை நிறைய காந்தம் வச்சிருப்பே. நெஞ்சு மேல காந்தத்தை வச்சா இது உதைக்காதாம். தள்ளி நில்லு!"

மாப்பிள்ளை தள்ளி நின்றான். மனசுக்குள் சிரித்தான்.

கிழட்டு வாய்... தன் சாவுக்குத் தானே வழி சொல்கிறது!

புதன்கிழமை. மாலை நாலு மணி.

அறையில் வேறு யாருமில்லை. கிழவர் கண்மூடிக் கிடந்தார். மூச்சு கொரகொரவென்று இழுத்தது.

மாப்பிள்ளை பையிலிருந்து அதை எடுத்தான். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம்!

கிழவரின் சட்டைப் பொத்தானை நீக்கினான். இடது காறையெலும்புக்குக் கீழே, தீப்பெட்டி மாதிரி புடைத்திருந்த மேட்டின் மேல் வைத்தான். பிளாஸ்திரி போட்டு ஒட்டினான்.

"போய்ச் சேருங்க மாமா. உங்க பொண்ணைத் தள்ளினப்ப கூட இவ்வளவு நேரம் ஆகலே!"

கிழவரின் கண்கள் திறந்தன!

"ஒட்டிட்டியா மாப்ளே? நல்லா அழுத்தி ஒட்டினியா?"

பாத்ரூம் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர்! பின்னாலேயே இரண்டு கான்ஸ்டபிள்கள்!

"மாஜிஸ்ட்ரேட் இன்னிக்குக் காலையிலேயே வந்துட்டுப் போயாச்சு" என்றார் கிழவர். "சொல்ல வேண்டியதைச் சொன்னேன். டாக்டரைக் கூப்பிட்டு, இப்ப அணைச்சிடுங்கன்னேன். மத்தியானமே அணைச்சாச்சு. அணைஞ்ச மிஷினை அணைக்க வந்திருக்கே... முட்டாப் பயலே!"

"அப்ப... வியாழக்கிழமைன்னு..."

"உனக்காகச் சொன்னது! சாகப்போற கிழவன் உளறினான்னு உன் வக்கீல் சொல்லிட்டா? நான் எவனையும் நம்பறவன் இல்லடா. உன் கைரேகையோட ஒண்ணு வேணும்னு காத்திருந்தேன்."

'க்ளிக்!' மாப்பிள்ளையின் கையில் விலங்கு.

இன்ஸ்பெக்டர் கையுறை போட்டுக்கொண்டு காந்தத்தை மெதுவாகப் பிரித்தார்.

கிழவர் தலையணையில் சாய்ந்தார். இனி உதை இல்லை. மகளிடம் நிம்மதியாகப் போகலாம்...

போகும் அவசரத்திலும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பத்திரம் சார்... ஸ்பீக்கர்ல இருந்த காந்தம். கோர்ட்டுல நல்லாப் பேசும்!"