பாதிச் சொல்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்குள் யாரோ பேசுவது கந்தப்பனுக்குக் கேட்டது. பொகவந்தலாவையில் ஆடி மழை பட்டப்பகலையே இருட்டாக்கி, பக்கத்தில் நிற்பவரின் பேச்சைக்கூட விழுங்கிவிடும். ஆனால் இந்த ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

நிறுத்து.

வீரய்யா செத்துப் பதினோரு நாள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலரில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அன்று நான்கு ரோலர்களும் ஓடின. அவற்றைச் சுழற்றும் வார்களின் படபடப்பில் தரையே அதிர்ந்தது. மூடியை இறுக்க வேண்டிய நேரம். வீரய்யா கத்தினான். ‘இறுக்கு’ என்றுதான் கந்தப்பனுக்குக் கேட்டது. மூடியின் சக்கரத்தைத் திருகி இறுக்கினான். உள்ளே வீரய்யாவின் கை இருந்தது; நசுங்கிய கையின் ரத்தப்போக்கிலேயே உயிர் போனது.

“இரைச்சல்ல பாதிச் சொல்லுதான் காதுக்கு வரும்பா. மிச்சத்த மூளை, தான் எதிர்பார்த்ததப் போட்டு நெரப்பிக்கும்,” என்று தோட்டத்து டாக்டர் ஆறுதல் சொன்னார்.

ஆனால் வீரய்யா இரண்டாம் தடவை கத்தியது கந்தப்பனுக்கு நன்றாக விளங்கியிருந்தது. கைதான் விறைத்துப்போய்ச் சக்கரத்தை விடவில்லை. “இறுக்கச் சொன்னதே அவருதாங்க,” என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னான். தவறு வீரய்யாவுடையது என்று எழுதிக்கொண்டார்கள்.

இன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீரய்யாவின் வீட்டு வாசலில் ஏறி நின்றான். அடுப்படியில் வீரய்யாவின் மனைவி அம்மாக்கண்ணு தனியாக இருந்தாள். மழை வலுத்தது.

“தங்கச்சி, தப்பு என்னோடது! அவரு நிறுத்துன்னாரு!”

“என்னண்ணே? கேக்கல!”

“நிறுத்துன்னாரு!”

அவள் கையிலிருந்த அகப்பை நழுவியது.

“நிக்கிறாரா? எங்கண்ணே?”

இல்லை என்று தலையாட்டினான். கத்தினான். மழை அதையும் கொண்டுபோனது.

அம்மாக்கண்ணு அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். புருவம் சுருங்கியது. பிறகு முகம் மலர்ந்தது.

“ஐயோ, நனைஞ்சிட்டாரே. வழிய விடுங்கண்ணே, உள்ள வரட்டும்.”

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. முதுகில் குளிர். மிக அருகில் ஒரு மூச்சு. கால்கள் தாமாக ஒதுங்கின.

அவள் கோரைப் பாயை விரித்தாள்.

சட்டென்று மழை ஓய்ந்தது. எங்கும் ஒரு சத்தமுமில்லை.

பாயின் நடுப்பகுதி மெல்ல அமுங்கியது. அங்கிருந்து ஈரம் பரவத் தொடங்கியது.