ஒற்றை இழுப்பு

ஆபேல் கடைசியாகத் தின்றது பாதி மசால் வடை. மீதிப் பாதியைச் செய்தித்தாளில் சுற்றி வேனின் டாஷ்போர்டில் வைத்துவிட்டு, "மேல வந்து துன்றேன் மாமா. கை வெச்சீங்க, அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றான். பேசிக்கொண்டே இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

ரெனால்ட் அவனுடைய அக்கா சாராவைக் கட்டியவன். மாமனும் மச்சானும் ஆறு வருடமாக ஆம்பூரைச் சுற்றியிருந்த தோல் தொழிற்சாலைகளில் கழிவுத் தொட்டி சுத்தம் செய்து வந்தார்கள். ஆபேல் தொட்டிக்குள் இறங்குவான். ரெனால்ட் வேனில் உட்கார்ந்து என்ஜினை ஓடவிடுவான். என்ஜினிலிருந்து பெல்ட் போட்டு வண்டியின் பின்னால் ஒரு புளோயர் மாட்டியிருந்தது. அது இழுக்கும் காற்று ஒரு பச்சைக் குழாய் வழியாக ஆபேலின் முகமூடிக்குப் போகும். கயிற்றின் மறுமுனை ரெனால்டின் இடது மணிக்கட்டில் இருக்கும். ஒரு இழுப்பு என்றால் காற்று பத்தவில்லை, ஆக்சிலேட்டரை மிதி. இரண்டு இழுப்பு என்றால் மேலே தூக்கு.

என்ஜின் நின்றால் கீழே மூச்சு நின்றுவிடும். அதனால் என்ஜினைத்தான் ரெனால்ட் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டான். ராணிப்பேட்டையில் வாங்கிய பழைய டீசல் வேன். நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் பழுது என்று என்ஜின் ஹெட்டைக் கழற்றியதில்லை. மார்கழிக் குளிரிலும் முதல் சாவியில் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் சூடு காட்டும் முள் நடுவை விட்டு நகராது. "எங்கக்கா பேசாத நாள் கூட உண்டு மாமா, உங்க என்ஜின் பேசாத நாளே இல்ல" என்பான் ஆபேல்.

அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை நேரம் என்று தொழிற்சாலை காலியாகிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் காஷிஃப் தொப்பியை மாட்டிக்கொண்டே வந்தான். "அண்ணே, தோல் லாரி உள்ள வரணும். வண்டிய செவுத்தோட ஒட்டிப் போட்டுடுங்க, இடம் கம்மியா இருக்கு." ரெனால்ட் நான்கடி பின்னால் எடுத்து நிறுத்தினான்.

ஆபேல் இறங்கிய பத்து நிமிடத்தில் ஒரு இழுப்பு வந்தது. மிதித்தான். மறுபடி ஒன்று. இன்னும் மிதித்தான். என்ஜின் ஒரு பிசிறு இல்லாமல் பாடியது. ஒன்று. ஒன்று. இரண்டு வரவே இல்லை. பிறகு ஒன்றும் வரவில்லை. காற்று போதுமாகிவிட்டது என்று நிம்மதியாகக் காலைத் தளர்த்தினான்.

தொட்டியில் விஷவாயு என்று எல்லோரும் சொன்னார்கள். போலீஸ் கயிற்றைப் பையில் போட்டு எடுத்துப்போனது, வேனைத் திருப்பித் தந்தது. கல்லறையிலிருந்து திரும்பிய அன்று சாரா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கடைசி வரைக்கும் அவனுக்குக் காத்து அனுப்பினு இருந்தீங்க இல்ல? எனக்கு அது போதும்" என்றாள்.

அடுத்த வாரம் புளோயரைக் கழற்ற மெக்கானிக் முஸம்மில் வந்தான். குழாயின் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தான். விரல் இரண்டாம் கணு வரை கரி.

"அண்ணே, அன்னிக்கு வண்டி செவுத்தோரமாவா நின்னுது?"

ரெனால்ட் அந்தக் கரியையே பார்த்தான். சைலன்சர் புகை சுவரில் மோதித் திரும்பியிருக்கிறது. திரும்பிய புகையைப் புளோயர் இழுத்திருக்கிறது. மிதிக்க மிதிக்க, அதிகமாக. தோள் துண்டை எடுத்து அவனே முஸம்மிலின் விரலைத் துடைத்துவிட்டான். "அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், போங்கண்ணே" என்றான் முஸம்மில், முகத்தைப் பார்க்காமல். புளோயரைக் கழற்றாமலே போய்விட்டான்.

நான்கு லட்சம் கிலோமீட்டரில் ஒரே ஒரு தடவை, அந்த மதியம், அந்த என்ஜின் பழுதாகியிருந்தால், அவனை அப்போதே மேலே தூக்கியிருப்பான்.

சாவு விஷயம் தெரிந்த ஊரில் வேனை வாங்க ஆளில்லை. வீட்டை ஒட்டிய காலி மனையில் தார்ப்பாய் போட்டு நிறுத்தினான். டாஷ்போர்டில் இருந்த பொட்டலத்தை எடுத்துப்போட அவனுக்குக் கை வரவில்லை. பத்து நாளாகியும் அதில் ஓர் எறும்பு ஏறியிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் பாங்கு சொல்லி முடிந்து தெருவே வெயிலில் உறைந்திருந்தபோது, சமையலறை அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி, கொசு பாடுவதைப்போல மெல்லிசாக ஒலிக்கத் தொடங்கின. சுண்ணாம்பும் ஈரத்தோலும் எரிந்த டீசலும் கலந்த வாடை ஜன்னல் வழியாக வந்து அடிநாக்கில் படிந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த சாரா தலையைத் தூக்கினாள்.

"நம்ம வண்டி மாதிரி இல்ல?"

"ரயிலு" என்றான்.

ரயில் என்றால் கடந்து போயிருக்கும். இது நின்ற இடத்திலேயே நின்று துடித்தது. போய்ப் பார்த்தபோது சத்தமில்லை. பானெட் கொதித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டான். குனிந்து தார்ப்பாய்க்கு அடியில், நிழலில் இருந்த சைலன்சரைத் தொட்டான். உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

பேட்டரியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டான். அடுத்த வெள்ளியும் டம்ளர்கள் பாடின. டாங்கைத் திறந்து கடைசிச் சொட்டு வரை டீசலை வடித்தான். அடுத்த வெள்ளியும் பாடின. இப்போது சாரா எதுவும் கேட்கவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் காதைத் திருப்பி, தெரிந்த ஒருவரின் பேச்சைக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

முஸம்மிலைக் கூப்பிட்டு டீசல் பம்ப்பையும் கழற்றச் சொன்னான். அவன் அதைச் சாக்கில் சுற்றித் தன் பைக்கில் கட்டிக்கொண்டான். "இது இல்லாம தும்மக் கூட தும்மாதுண்ணே. போய் நிம்மதியா தூங்குங்க."

வியாழன் இரவு சாராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். அவள் தூங்கிவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விளக்கை அணைத்தான்.

மறுநாள் வாணியம்பாடிக்குப் போனவன் திரும்பும்போது மணி ஒன்று இருபது. கதவு திறந்திருந்தது. டம்ளர்கள் ஒலித்தன. பாதி மடித்த துணி தரையில். சாரா இல்லை.

மனைக்கு ஓடினான். தார்ப்பாய் கீழே கிடந்தது.

வேன் ஓடிக்கொண்டிருந்தது. பிசிறு இல்லாமல்.

டிரைவர் இருக்கையில் சாரா. அவளுடைய இடது மணிக்கட்டில் கயிறு. போலீஸ் எடுத்துப்போன அதே கயிறு. ஜன்னல் வழியாக வெளியே வந்து, மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தளர்வில்லை. விறைப்பாக. பக்கத்திலேயே பச்சைக் குழாய். அதுவும் மண்ணுக்குள். உப்பியது. ஒட்டியது. உப்பியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அழுதிருந்த முகம். சிரிப்பு.

"ஒண்ணுதாங்க இழுக்குறான். காத்து பத்தலயாம்."

காலை எடு சாரா. அது காற்று இல்லை. இரண்டு வாக்கியம். வாயைத் திறந்தான். சொன்னால் ஏன் என்று கேட்பாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

கயிறு அசைந்தது.

ஒன்று.

சாரா மிதித்தாள். புகை வீட்டுச் சுவரில் மோதியது. திரும்பியது.

ஒன்று.

ரெனால்டின் வாய் திறந்தபடியே இருந்தது. அவள் தோளுக்கு மேலாகத் தெரிந்த சூட்டு முள், நடுவை விட்டு நகரவில்லை.