மூன்று குட்டை, இரண்டு நீளம்

எல்லாரும் வந்துவிட்டார்கள். பிறகு யார் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்?

வின்னி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. விசில் இன்னும் உதட்டிலேயே இருந்தது. அவள் ஊதி முடித்ததும் சாரணியர் படையின் கைடு பெண்கள் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டின் சரிவிலிருந்து, நீலச் சீருடையெல்லாம் சாம்பல் தூசியாக, ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு ஓடி வந்து, மூடிய சுரங்கக் குழியான ஷாஃப்டின் கம்பி வேலிக்கு முன்னால் வரிசை கட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் இடைவெளி இல்லை. யாரும் பாக்கி இல்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், ஷாஃப்டின் வாயை அடைத்துப் போட்டிருந்த கான்கிரீட்டுக்கு அடியில், முறுக்கிய கம்பிவடம் பாரத்தில் இழுபடுகிற முனகல் கேட்டது. அது நின்றதும் இரும்புக் கதவு ஒன்று பக்கவாட்டில் சறுக்கித் திறந்தது. அதன் பிறகு கால்கள், அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. பெண்களின் கேன்வாஸ் ஷூ அல்ல. ஆணி அடித்த பூட்ஸ்.

"இன்னா மேடம், மெடல் கனவா? விசிலு வாயிலயே ஒட்டிக்கிச்சு?" என்றார் டக்ளஸ். அவர் ஸ்கவுட் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குப் பந்தல் எங்கே போடுவது என்று காலால் அளந்துகொண்டிருந்தார்.

"ஏதாவது சத்தம் கேட்டுச்சா டக்ளஸ்?"

"கேட்டுச்சே. உங்க பொண்ணுங்க வயிறு. பன்னு எப்போ குடுப்பீங்கன்னு கத்துது."

பெண்கள் சிரித்தார்கள். அடுத்த சைகையை ஊதாமல், கையை அசைத்தே அவர்களைக் கலைந்துபோகச் சொன்னாள் வின்னி. ஏன் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

அந்தச் சைகைகள் அவளுடையவை. அவள் அப்பா லாய்ட் இதே ஷாஃப்டில் பெல்மேன். ஆழத்திலிருந்து வருகிற மணியைக் கேட்டு, அதையே, ஆட்கள் ஏறி இறங்கும் கூண்டை இயக்குகிற என்ஜின் டிரைவருக்குத் திருப்பி அடிப்பது அவர் வேலை. மூன்று மணி என்றால் கூண்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்று என்றால் மேலே தூக்கு. இரண்டு என்றால் கீழே இறக்கு. கைடு புத்தகத்தில் வேறு விசில் சைகைகள் உண்டு. ஆனால் கேஜிஎஃப் பெண்களுக்கென்று ஒன்று இருக்கட்டுமே என்று அவள்தான் இந்த மணியை விசிலுக்கு மாற்றினாள். மூன்று குட்டை, ஒரு நீளம்: எங்கிருந்தாலும் கேப்டனான அவளிடம் ஓடி வர வேண்டும். மூன்று குட்டை, இரண்டு நீளம்: நின்ற இடத்திலேயே குந்தி, நெற்றியை முழங்காலில் வைத்து, அசையாமல் இருக்க வேண்டும். பெண்களுக்கு அது உடம்பில் ஊறிவிட்டது. தூக்கத்தில் கேட்டாலும் குந்துவார்கள் என்று டக்ளஸ் சொல்வார். மாவட்டம் முழுக்க அது பேசப்பட்டது. இத்தனை வருடச் சேவைக்கு முதன்முதலாக அவளுக்கு ஒரு மெடல் வருவதே அந்த விசிலால்தான். இதுவரை பயிற்சியெல்லாம் ஆண்டர்சன்பேட்டையில் பள்ளி மைதானத்தில். விழா இங்கே என்று சாரணர் மாவட்ட கமிஷனர் முடிவு செய்ததால் இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஷாஃப்டின் பக்கத்தில் நின்று ஊதினாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பார்வதம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"இன்னா வின்னி, ஊட்டாண்ட யாரு வந்தாங்க? செவுத்து ஓரமா அவ்ளோ சேறு. மழையே காணோம், சேறு மட்டும் எங்கருந்து வந்துச்சோ."

"தெரியலக்கா."

"மெடல் வாங்கப் போறன்னு கூட்டம் வருதாட்டம் இருக்குது. கழுவி உடு, காஞ்சா போவாது."

சுவரை ஒட்டி, வீட்டின் நீளத்துக்கும், பூட்ஸ் தடங்கள். எல்லாம் வீட்டைப் பார்த்தபடி. வந்த தடம் இல்லை, போன தடமும் இல்லை. நின்ற தடம் மட்டும். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். துடைப்பத்தால் தேய்க்கத் தேய்க்க சாம்பல் நிறத்தில் ஓடியது. பயப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தை விரலால் தொடுவதுபோல இருந்தது. தொடுவது தெரிகிறது, தொடப்படுவது தெரியவில்லை. அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கியபோதும் இப்படித்தான். அழாததற்காகத் தங்கை அமலா அவளை வெகுநாள் மன்னிக்கவில்லை.

அமலா தினமும் இருட்டோடு ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவள். அவள் மகள் ஸ்வீட்டி வளர்வது வின்னியிடம்தான். தன் உடம்பில் எந்த இடத்திலாவது இன்னும் உணர்ச்சி மிச்சமிருக்கிறது என்றால் அது அந்தப் பெண் தூங்கும்போது மேலே போட்டுக்கொள்கிற கையின் கனத்தில்தான் என்று வின்னி நினைத்துக்கொள்வாள்.

அன்று மாலை கரண்ட் போயிருந்தது. ஸ்வீட்டி எமர்ஜென்சி விளக்கின் பக்கத்தில் சம்மணம் போட்டு, பேட்ரோல் லீடர் பட்டையைச் சீருடைப் பையில் தைத்துக்கொண்டிருந்தாள். வின்னி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயத்தின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை மெதுவாக எழுந்து வந்தது: நனைந்த பாறை, ஆறிப்போன வெடிமருந்து, ஒருபோதும் வெயில் படாத துணியின் வியர்வை. வெளியே சுவரோரம் யாரோ காலை மாற்றி வைத்தார்கள். பக்கத்தில் இன்னொருவர். பிறகு வரிசை முழுவதும், நெடுநேரம் நிற்கிறவர்கள் செய்வதுபோல, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டது.

பிறகு தரைக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம்.

மூன்று, விட்டு விட்டு. கொஞ்சம் பொறுத்து இரண்டு, நீளமாக.

கூடத்தில் ஊசி தரையில் விழுந்தது. வின்னி எட்டிப் பார்த்தாள். ஸ்வீட்டி எழுந்து அறை நடுவில் வந்து குந்தினாள். நெற்றியை முழங்காலில் வைத்தாள். அசையவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவள் நிழல் சுவரில் தெரிந்தது. அது மெல்ல, ஒரே சீராக, கீழே போய்க்கொண்டிருந்தது.

"ஸ்வீட்டி. எழுந்திரு."

தோளுக்கு அடியில் கை கொடுத்து இழுத்தாள். எப்போதும் லேசான பெண். இப்போது தூக்க முடியவில்லை. இன்னொருவரும் சேர்ந்து குந்தியிருப்பதுபோல ஒரு கனம்.

"உடுங்க பெரியம்மா. நீங்கதானே ஊதினீங்க?"

"நான் ஊதல."

"ஊதினீங்க. கேட்டுச்சே."

"நான் ஊதலம்மா. எழுந்திரு."

எழுந்தாள். தூக்கத்திலிருந்து எழுப்பியதுபோல விழித்தாள். அவள் வெறுங்கால்கள் கணுக்கால் வரை நனைந்திருந்தன. சிமெண்ட் தரை காய்ந்திருந்தது.

அமலா வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகும் வின்னி கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா ஒரே ஒரு தடவை, குடித்திருந்தபோது சொன்னது. பாறை வெடித்து ஒரு லெவல், ஆழத்தில் ஒரு சுரங்கத் தளம், அடைபட்டுப்போனது. உள்ளே யாரும் உயிரோடு இருக்க முடியாது என்று அதை மூடச் சொல்லிவிட்டார்கள். மூடிய பிறகு அந்த லெவலிலிருந்து மணி வந்தது. மூன்று, பிறகு ஒன்று. என்ஜின் டிரைவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். கீழிருந்து வருகிற மணி வெறும் கேள்விதான். மேலே இருக்கிற பெல்மேன் அதைத் திருப்பி அடித்தால்தான் கூண்டு நகரும். கூடாது என்று உத்தரவு. அப்பா அடிக்கவில்லை.

நேற்று அவர் மகள் அதை விசிலால் திருப்பி அடித்தாள். கேட்டவர்கள் ஏறி வந்துவிட்டார்கள்.

ஆனால் ஷாஃப்டில் எப்போதும் இரண்டு கூண்டுகள், ஒரே உருளையின் இரண்டு பக்கத்தில். ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். அது இன்னும் இறங்கவில்லை; அதில் இறங்க ஆள் வேண்டும். அதற்குத்தான் நிற்கிறார்கள். தட்டுகிற மூன்றும் இரண்டும் கேள்வி: இறக்கலாமா? அவள் விசில்தான் பதில்.

ஞாயிறு காலையில் டக்ளஸுக்குப் போன் செய்தாள்.

"விசில் ஐட்டம் வேணாம் டக்ளஸ். வேற ஏதாவது வைக்கலாம். முடிச்சு போடுறது, முதலுதவி..."

"மேடம், வர்ற கெஸ்ட்டு அதப் பாக்கத்தான் வர்றாரு. முடிச்சுப் போட்டு அவரக் கட்டியா வைக்கப் போறோம்?"

"எனக்கு உடம்பு சரியில்ல. நான் வரல."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க, ரெஸ்ட் எடுங்க. மெடல வீட்டுல கொண்டாந்து குடுக்கறேன். விசில நானே ஊதிக்கறேன். மூணு, ரெண்டு, எனக்கும் தெரியுமே."

யார் ஊதினாலும் கூண்டு இறங்கும் என்று வின்னிக்குத் தோன்றியது.

"வர்றேன்" என்றாள்.

ஸ்வீட்டியை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று திரும்பியபோது கூடம் காலியாக இருந்தது. பந்தலில் கோலம் போடுவதற்காகப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார்கள். மற்றவர்களும் யாரோ ஒருத்தியின் ஸ்வீட்டிதானே என்று அப்போதுதான் நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

சாயங்கால வெயிலில் சயனைட் மேடு வெளுத்துக் கிடந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் அதன் உச்சியிலிருந்து தூசி புகையாகக் கிளம்பி, பந்தலின் மேல் தாழ்ந்து வந்தது. மேடையில் மாவட்ட கமிஷனர் சௌந்தரராஜன் அவள் பெயரைச் சொன்னார். தன்னலமற்ற சேவை என்றார். சாரணர் வழக்கப்படி இடது கையால் கைகுலுக்கி, வலது கையால் மெடலைக் குத்தினார். கை தட்டினார்கள். சேலையின் மேல் அந்தச் சின்ன உலோகம் ஆடியது. அவளுக்கு எதுவும் ஆகவில்லை.

"இப்போ நம்ம வின்னி மேடம் விசிலு!" மைக்கில் டக்ளஸ்.

இறங்கி வந்தாள். கையசைத்தே பெண்களை வேலிக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினாள். "சாவ்தான்" என்று அசையாமல் நிற்கச் சொன்னாள். நின்றார்கள். இனி மிச்சம் அந்த ஒன்றுதான். விருந்தினர் எழுந்து போனை உயர்த்திப் பிடித்தார். விசில் அவள் உதட்டுக்குப் போனது. பழக்கம்.

தூசி தணிந்தது.

பெண்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

ஒவ்வொருத்திக்கும் பின்னால் ஒருவர். மிச்சமில்லை, குறைவில்லை. சேறு உடம்பிலேயே உலர்ந்து துணியா தோலா என்று தெரியாத சாம்பல். கண்கள் மூடியிருந்தன. கோபம் இல்லை. ரயிலுக்கு நிற்கிறவர்களின் முகம். கூண்டில் நெருக்கி நிற்கும்போது முன்னால் இருப்பவன் தோளைப் பிடித்துக்கொள்வார்களே, அதுபோல ஒவ்வொருவரும் முன்னால் நின்ற பெண்ணின் தோளில் ஒரு கையை வைத்திருந்தார்கள்.

மேடையில் யாருக்கும் தெரியவில்லை.

"மேடம், கெஸ்ட் வெயிட் பண்றாரு."

வரிசையின் முனையில் ஸ்வீட்டி. நேராகப் பார்த்தபடி, உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"பெரியம்மா. தோள் கனக்குது."

வின்னி அவளைப் பார்த்தாள். ஸ்கார்ஃபின் மேல் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. ஐந்து விரல்.

"எல்லாருக்கும் கனக்குதாம். ஊதிடுங்க. உக்காந்துக்கறோம்."

வேலிக்கு உள்ளே கம்பிவடம் ஒருமுறை முனகியது.

வின்னி விசிலை உதட்டிலிருந்து எடுத்தாள். விரல்களுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

ஸ்வீட்டியின் மறு தோளின் மேலும் ஒரு கை வந்தது. மெதுவாக. பாரம் முழுவதும். அவள் முழங்கால்கள் மடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்துப் பெண்ணின் மறு தோளிலும். அதற்கடுத்தவளின் தோளிலும். வரிசை முழுவதும்.

"ஊதுங்க பெரியம்மா. ப்ளீஸ்."

"இல்லம்மா" என்றாள் வின்னி, மிகவும் மெதுவாக. "ஊத மாட்டேன்."