விடுபட்ட துடிப்பு

மானிட்டரின் சத்தத்தில் ஒரு துடிப்பு விடுபட்டது. தையல்காரிக்கு அது உடனே உறைத்தது. பதினைந்து வருஷமாக மிஷின் ஓட்டுகிற காது; ஓர் ஊசிக்குத்து தவறினாலும் கால் தானாக நின்றுவிடும்.

கட்டிலில் அவள் கணவன் கண்மூடிப் படுத்திருந்தான். ஏசி மெக்கானிக். மூன்று நாளைக்கு முன்பு ஒரு மொட்டைமாடியில் ஏசி பெட்டியின் மூடியைக் கழற்றியபோது, உள்ளே சுருண்டிருந்த விரியன் புறங்கையில் கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றி, வீக்கம் வடிந்து, கண்டம் தாண்டிவிட்டது என்று வீடே மூச்சுவிட்ட நேரத்தில்தான் டாக்டர் அவளைத் தனியே அழைத்து, விஷம் இதயத்தைத் தொட்டிருக்கிறது, துடிப்பு நின்று நின்று வருகிறது, அந்தத் திரைமேல் ஒரு கண் இருக்கட்டும் என்றார்.

கண்ணென்ன, உயிரையே அதன்மேல் வைத்திருந்தாள். ஜன்னல் வெயில் தரையில் நீண்டு வந்தது. பினாயில் வாடையும் ஈரக் கட்டுத்துணியின் வாடையும் தொண்டைக்குள் இறங்கின. பச்சைக் கோடு எழும்பி விழும்போதெல்லாம் அவள் மூச்சும் கூடவே எழும்பி விழுந்தது.

மறுபடி விடுபட்டது. இந்தமுறை இரண்டு துடிப்பு.

நர்ஸ் வந்து மார்பில் ஒட்டியிருந்த வயர்களை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒட்டு தளர்ந்திருக்கும் என்று சொல்லிப் போனாள். அவன் கண்ணைத் திறந்து, "உன் மிஷினுக்கு விடற எண்ணெயில எனக்கும் ரெண்டு சொட்டு விடேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு மணிக்குப் பக்கத்து வார்டில் யாரோ ஓடினார்கள். நர்ஸ் வேகமாக வந்து, அங்கே ஒருவருக்கு ரொம்ப மோசம், இவர் பேசிக்கொண்டுதானே இருக்கிறார், பத்தே நிமிஷம் என்று வயர்களைப் பிடுங்கி மானிட்டரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அறை அமைதியானது. மின்விசிறி. குழாயில் சொட்டும் தண்ணீர். வேறொன்றும் இல்லை.

அவன் கழுத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அங்கே ஒரு நரம்பு துள்ளிக்கொண்டிருந்தது. இப்போது இல்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. தப்பான இடத்தில் பிடிக்கிறேனோ? விரலை நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். அங்கும் இல்லை.

"ஏன் இப்படிப் பாக்கற?" அவன் சிரித்தான்.

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் அசையாம இருங்க."

குனிந்து, அவன் மார்பில் காதை வைத்தாள்.

துடிப்பு கேட்கவில்லை. நொடிகளை எண்ணினாள். பத்து. இருபது. நாற்பது. மார்பு ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

அவன் கை மெதுவாக எழுந்து அவள் தலைமுடியைக் கோதியது.

"இப்பத்தான் நிம்மதியா இருக்கு. சத்தமே இல்ல."

அவள் எழப் பார்த்தாள். கத்த வாயைத் திறந்தாள். அந்தக் கை அவள் தலையைச் சில்லிட்ட மார்போடு அழுத்திப் பிடித்திருந்தது, இன்னும் கோதிக்கொண்டே.