பதினொரு மணிக்கு வளரும் சுவர்

படார்!

மேசையில் இருந்த புத்தகங்கள் ஒரு விரற்கடை எழும்பி விழுந்தன. நூலகர் ஜெபக்கனி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பின்சுவரில் உச்சி முதல் தரை வரை ஒரு பிளவு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளவு அகன்று வாசலாயிற்று. வாசலுக்கு அப்பால், முட்டை ஓட்டின் உட்புறம்போல வழுவழுப்பான ஒரு புது அறை.

மாதக்கணக்கில் வெளிச்சுவரில் புடைத்துக்கொண்டே வந்தது இன்று திறந்துவிட்டது. கடைசி நாளன்று!

"ஆண்டவரே, காப்பாத்திட்டீரு" என்று அவள் முணுமுணுத்தபோது, வெளியே கரைப்பு வண்டி வந்து நின்றது.

தூத்துக்குடியை அடுத்த வெள்ளைப்பாத்தி, உப்பளத் தொழிலாளர் வீடுகள் நூற்றைம்பது மட்டுமே உள்ள குடியிருப்பு. இப்படிப்பட்ட சிற்றூர்களுக்கு அரசு நூலகம் கட்டித் தருவதில்லை; விதைத்துத் தருகிறது. ஓர் அறை அளவு வளர்சுவர். அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள் உப்பளத்து நீரிலிருந்து சுண்ணாம்பையும் மனித மூச்சிலிருந்து கரியமில வாயுவையும் எடுத்துக் கல்லாக்கும். எல்லா மூச்சையும் அல்ல. சுவரிலுள்ள மூச்சுணரிகள், வாசிப்பில் ஆழ்ந்தவர்களின் மெதுவான, சீரான மூச்சை மட்டுமே உள்ளே விடும். சென்ற தேர்தலில் ஒரு வேட்பாளர் இங்கே இருநூறு பேரைக் கூட்டி மூன்று மணி நேரம் முழங்கினார். சுவர் மயிரிழைகூட வளரவில்லை.

வாசிக்கிற ஊரில் நூலகம் தானாகப் பெருகும். மூன்று ஆண்டுக்குள் நானூறு சதுர அடியைத் தொடாவிட்டால், அமிலம் தெளித்துக் கரைத்து, விதையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூன்றாம் ஆண்டு இன்றோடு முடிகிறது.

வண்டியிலிருந்து இறங்கிய ஆய்வாளர் இளம்பரிதி ஒளிக்கோலால் அறைகளை அளந்தார்.

"நானூத்திப் பன்னண்டு. தப்பிச்சிட்டீங்க மேடம்."

ஜெபக்கனி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "காப்பி சாப்பிடுதீகளா சார்?"

"இருங்க, ஒரு சடங்கு பாக்கி."

வளைய நோக்கியைப் புதுச் சுவரில் ஒட்டவைத்தார். மரத்துக்கு வளையங்கள் இருப்பதுபோல வளர்சுவரிலும் ஒவ்வொரு நாள் வளர்ச்சியும் நேரத்தோடு பதிந்திருக்கும். திரையைப் பார்த்தவரின் புருவம் உயர்ந்தது.

"இந்த அறை முழுக்க, தினமும் பகல் பதினொன்னுல இருந்து ஒரு மணிக்குள்ளயே வளந்திருக்கு. இவ்வளவு வேகம் நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்ல. யாரு மேடம் அந்த வாசகர்கள்? பார்த்துட்டுத்தான் போவேன்."

"இன்னைக்கு வர மாட்டாக சார்" என்றாள் அவசரமாக.

வந்துவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு உப்பு வாரப் போன பெண்கள் பதினான்கு பேர், வெயில் ஏறியதும் வேலை முடித்து, கால் கழுவி உள்ளே நுழைந்தார்கள். அவர்களுடைய தகரக்கூரை வீடுகள் அந்நேரம் அடுப்பாகக் காயும், வளர்சுவரோ குளிர்ந்திருக்கும். சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகத்தை விரித்தார்கள். உள்ளே வந்தால் கையில் புத்தகம் இருந்தாக வேண்டும் என்பது ஜெபக்கனி வைத்த சட்டம்.

அவள் இளம்பரிதியின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணை உருட்டினாள். இமைகளை விரல்களால் விரித்துக் காட்டினாள்.

"என்னக்கா, கண்ணுல உப்பு விழுந்துட்டா?" என்றாள் வரிசையில் இருந்த பேச்சித்தாய் சத்தமாக.

பத்து நிமிடம் ஆயிற்று. முதலில் சரிந்தது பேச்சித்தாயின் தலைதான். புத்தகம் அவள் மடியில் கவிழ்ந்தது. பிறகு பக்கத்தில் இருந்தவள். பிறகு வரிசை முழுவதும். கடைசியில் மூலையிலிருந்து, ரயில் பாலம் ஏறுவதுபோல ஒரு குறட்டை. வளைய நோக்கியின் திரையில் வளர்ச்சி முள் விர்ரென்று மேலே போனது.

இளம்பரிதி மெதுவாகத் திரும்பினார். "தூங்கறாங்க."

"ஆமா சார்." இனி மறைக்க ஒன்றுமில்லை. "படிக்கிற மூச்சுக்கும் தூங்குற மூச்சுக்கும் சுவருக்கு வித்தியாசம் தெரியல. எனக்குத் தெரியும். எழுப்ப மனசு வரல. வேணும்னா என்னைய வேலையவிட்டு எடுங்க. கட்டடத்தைக் கரைச்சிராதீக."

வெளியிலிருந்து ஓட்டுநர் குரல் கொடுத்தார். "சார், அமிலத்தைக் கலக்கட்டுமா, வேண்டாமா?"

அந்தச் சொல்லில் பேச்சித்தாய் விழித்துக்கொண்டாள். நிலைமை புரிய அரை நிமிடம் பிடித்தது.

"சார், நாங்க ஒண்ணும் சும்மா தூங்கல. நாலு பக்கம் படிச்சிட்டுத்தான் தூங்குதோம். அதுக்கு மேல கண்ணு நிக்க மாட்டேங்கு. தெனம் நாலு பக்கம். இந்தா பாருங்க, இருநூத்தி எழுவத்தாறுக்கு வந்துட்டேன். அந்த வக்கீல் பொண்டாட்டிதான் வெஷம் வச்சாளான்னு நாளைக்குத் தெரிஞ்சிரும். இன்னைக்கே கரைக்கணும்னா, அதை மட்டும் சொல்லிட்டுக் கரைங்க!"

"ஏட்டி, சொல்லவிட்டுராத! நான் இன்னும் நூறுகூட தாண்டல" என்றாள் இன்னொருத்தி, கண்ணைத் திறக்காமலே.

இளம்பரிதி சிரித்துவிட்டார். சிரித்தபடியே புதுச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

"வண்டியத் திருப்புப்பா!"

அறிக்கைப் பலகையில், 'வாசிப்பு நேரம்: பதினொன்று முதல் ஒன்று வரை. வாசகர்கள்: பதினால்வர். நூலகம் நிலைக்கலாம்' என்று எழுதி விரலைப் பதித்தார்.

ஜெபக்கனி அதை எட்டிப் படித்தாள். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டவளுக்குச் சட்டென்று ஒரு பயம் தட்டியது.

"சார், எங்களுக்காகத் தூக்கத்தை மறைச்சு எழுதிட்டீக. மேலிடத்துல உங்களுக்கு ஒண்ணும் வந்துராதே?"

அவர் வளைய நோக்கியைப் பைக்குள் போட்டார்.

"உள்ளதை எழுதினாத்தான் வரும் மேடம், தலைநகரத்துல எங்க துறையோட நூலகமும் இதே வளர்சுவர்தான், பதினேழு மாடி வளந்திருக்கு, இன்னிக்கு வரைக்கும் அங்க ஒருத்தர்கூட ஒரு புத்தகம் எடுத்ததில்ல."